அந்தக் குழாயைத் தொடவில்லை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த இன்ஜினைப் பார்த்தாலும் கை தானாக அதன்மேல் போய்விடும். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது, ஒரு விரலை ஊன்றி அதிர்வு பார்ப்பது. முப்பத்தொரு வருடம் கப்பல் இன்ஜின் ரூமில் குப்பை கொட்டியவனுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. வீட்டு மிக்ஸியைக்கூட நான் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பேன் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கை ஒருநாள் பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு வருடம் முன்பு மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, சான் பிரான்சிஸ்கோவில் பியர் 45இல் கட்டி வைத்திருக்கும் பம்பானிட்டோ என்ற நீர்மூழ்கிக்குள் பேரனைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். இன்ஜின் அறைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் கை கிளம்பியது. தலைக்கு மேலே போன ஒரு குழாயில் துணி சுற்றி வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் துணியின் மடிப்பு லேசாகத் தெரிந்தது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. “தொடுங்க தாத்தா, சுடாது, எப்பவோ ஆஃப் பண்ணிட்டாங்க” என்றான் பேரன். நான் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்தத் துணிக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததோ இல்லையோ, அதைப் பற்றிப் புகார் சொல்ல இதை எழுதவில்லை. மூடி, பெயின்ட் அடித்து, யாரும் கிளறாமல் வைத்திருந்தால் எந்தப் பழைய லாகிங்கும் (சூடு வெளியே வராமல் குழாய்மேல் பூசிச் சுற்றுகிற உறை) பார்க்க வருகிறவனை ஒன்றும் செய்யாது. என்னை இரண்டு வருடமாக விடாமல் அரிப்பது வேறு. அந்தக் கப்பலின் போர்க்கால வரலாறு மணி, நிமிஷக் கணக்கோடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எந்த ரோந்தில் எங்கே போனது, எத்தனை டார்பிடோ விட்டது, எந்தக் கப்பல் மூழ்கியது என்று எல்லாம் கிடைக்கிறது. அதன் குழாய்களுக்குத் துணி சுற்றியவன் யார், அவன் நெஞ்சு பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. நான் வேலை பார்த்த கப்பல்களிலும் இதே கதைதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சூட்டையும் லாக் புக்கில் எழுதுவோம். அந்தச் சூட்டை மூடி வைத்திருந்த சரக்கைப் பற்றி ஒருநாளும் எழுதியதில்லை.

73 பேர்

பம்பானிட்டோவைக் கட்டியது மெய்ன் மாநிலத்தில் கிட்டரி என்ற ஊரில் இருக்கும் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளம். 1943 மார்ச்சில் அடித்தளம் போட்டார்கள், ஜூலை 12 அன்று தண்ணீரில் இறக்கினார்கள், நவம்பர் 6 அன்று கடற்படையில் சேர்த்துவிட்டார்கள். எட்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 311 அடி நீளம், நான்கு ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் டீசல் இன்ஜின், ஒவ்வொன்றும் 1,600 குதிரைத்திறன். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் எதிரெதிராக ஓடி வந்து நடுவில் அழுத்தும் இன்ஜின் அது. சிலிண்டர் ஹெட் என்ற சனியனே கிடையாது. இதை நான் பேரனுக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அவன் டார்பிடோ எங்கே என்று கேட்டான்.

ஆறு ரோந்து, ஆறு ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கடிப்பு என்பது அதன் கணக்கு. ஆனால் பம்பானிட்டோவை யாராவது நினைவு வைத்திருந்தால் அது 1944 செப்டம்பருக்காகத்தான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஜப்பானியக் கப்பல் வரிசை ஒன்றை மூன்று அமெரிக்க நீர்மூழ்கிகள் துரத்தின. அவற்றில் சீலயன் என்ற நீர்மூழ்கி, செப்டம்பர் 12 அன்று ரகுயோ மாரு என்ற கப்பலை அடித்தது. அன்றிரவே பம்பானிட்டோ, கச்சிடோக்கி மாரு என்ற கப்பலை அடித்தது. அடித்தவர்களுக்குத் தெரியாத விஷயம், அந்த இரண்டு கப்பல்களின் அடித்தட்டிலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் இரண்டாயிரத்துக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். பர்மா – சயாம் ரயில் பாதை போட்டு முடித்து, அதில் சாகாமல் மிஞ்சி, ஜப்பானுக்கு வேலைக்கு ஏற்றப்பட்டவர்கள். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கச்சிடோக்கி மாரு முன்பு ‘பிரசிடென்ட் ஹாரிசன்’ என்ற பெயரில் ஓடிய அமெரிக்கக் கப்பல்தான். 1941இல் ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் கழித்து, 15ஆம் தேதி, அந்தப் பக்கமாக வந்த பம்பானிட்டோ கடலில் மரச் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு மிதந்த ஆட்களைப் பார்த்தது. ஜப்பானியர் என்று நினைத்துத் துப்பாக்கியோடுதான் நெருங்கினார்கள். அருகே போனதும் இங்கிலீஷில் கூப்பாடு கேட்டது. அப்புறம் இருட்டும்வரை தூக்கிக்கொண்டே இருந்தார்கள். உடம்பெல்லாம் கச்சா எண்ணெய் பூசி, வழுக்கிக்கொண்டு போகிற ஆட்களைத் தூக்கச் சிலர் கடலிலேயே குதித்தார்கள். 73 பேர். எண்பது பேருக்கே இடம் போதாத கப்பலில் கூடுதலாக 73 பேர். கப்பலில் டாக்டர் கிடையாது. மாரிஸ் டெமர்ஸ் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர்தான். சைபான் தீவு போய்ச் சேரும்வரை அவர் தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வழியில் ஒருவர் இறந்தார், மற்றவர்கள் 20ஆம் தேதி கரையேறினார்கள். சீலயனும், பிறகு மீட்புக்கு வந்த இன்னும் இரண்டு நீர்மூழ்கிகளும் காப்பாற்றியதையும் சேர்த்தால் 159 பேர்.

இதைப் படிக்கிற எந்தத் தமிழனுக்கும் நெஞ்சில் ஒரு முள் குத்தும். அதே ரயில் பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் இருக்கும் காஞ்சனபுரி கல்லறையில் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசையாக இடம் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. ஆசியக் கூலிகள் எத்தனை பேர் செத்தார்கள் என்றால் தொண்ணூறாயிரம் என்பார்கள், அதற்கு மேலும் என்பார்கள். படையில் இருந்தவனுக்கு ஒரு பட்டியல் இருந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏறியவனுக்கு அது இல்லை. இதை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சப்பாத்தி மாவு

1979இல் நான் ஃபிப்த் இன்ஜினியராக ஏறிய முதல் கப்பல் 1964இல் கட்டியது. எங்கள் செகண்ட் இன்ஜினியர் தூத்துக்குடிக்காரர். கப்பலில் ‘செகண்ட் சார்’, கரையில் இறங்கினால் ‘அண்ணாச்சி’. வேலையில் சுத்தம் பார்க்கிற மனிதர். ஃபிளேஞ்சில், அதாவது இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பில், ஒரு சொட்டு ஆவி கசிந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. கசிந்தால் என்ன செய்வோம் என்றால், முதலில் பழைய லாகிங்கை ஹேக்ஸா பிளேடால் கீறிப் பிய்ப்போம். காய்ந்த சரக்கு பொலபொலவென்று உதிரும். ஸ்கைலைட் வழியாக வெயில் விழுகிற நேரமென்றால், அந்த ஒளிக்கற்றைக்குள் தூசி மினுக்கிக்கொண்டு மேலே போவது தெரியும். அழகாகத்தான் இருக்கும். பிறகு ஃபிளேஞ்சைக் கழற்றி, நடுவில் வைக்க, கசிவை அடைக்கும் புது ஜாயின்ட் வெட்டுவோம். சி.ஏ.எஃப். ஷீட்டை ஃபிளேஞ்சின் மேலேயே வைத்து, பால்பீன் சுத்தியால் ஓரம் ஓரமாகத் தட்டினால் விளிம்பு அறுந்து அச்சாக ஜாயின்ட் வந்துவிடும். ஒரே சீராகத் தட்ட வருகிறவன்தான் நல்ல இன்ஜினியர் என்பது அண்ணாச்சி கட்சி. சி.ஏ.எஃப். என்ற மூன்று எழுத்தில் நடு எழுத்து ஆஸ்பெஸ்டாஸ் என்பது அன்றைக்கு யாருக்கும் பெரிய ரகசியமும் இல்லை, பெரிய செய்தியும் இல்லை.

கடைசி வேலை லாகிங் பூசுவது. சாக்கில் வெள்ளைப் பொடி வரும். அதை வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். கையுறை போட்டால் பதம் தெரியாது என்று வெறுங்கையால்தான் பிசைவோம். குழாய்மேல் அப்பி, துணி சுற்றி, மேலே பெயின்ட். கொட்டும்போது கிளம்புகிற வெண்புகையில் அண்ணாச்சியின் மீசை நரைத்துவிடும். “ஏலே, கிழவனாயிட்டேன் பாத்தியா” என்று சிரிப்பார். கீழே சிந்தியதை வைப்பர் பையன் ஒருவன் துடைப்பத்தால் கூட்டுவான். தண்ணீர் தெளிக்காமல், வறட்டுக் கூட்டல். அது முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து டீ குடிப்போம்.

நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைதான். மே மாதத்தில் தலையைப் பொசுக்கும் சீட்டு. அதற்குத் தமிழில் கல்நார் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். கல்லிலிருந்து நார். பஞ்சு போல் பிரியும், தீ பிடிக்காது, சில வகையை அமிலம்கூடத் தின்னாது, நூலாக நூற்கலாம், சிமெண்டில் கலக்கலாம். கப்பல் கட்டுகிறவனுக்கு இதைவிட வரம் வேறு என்ன வேண்டும்? தீதான் கப்பலின் முதல் எதிரி. நீர்மூழ்கி என்றால் கேட்கவே வேண்டாம், தீ பிடித்தால் ஓட இடமில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், டீசல் நீர்மூழ்கியில் நீராவிக் கப்பலில் இருக்கிற அளவு சூட்டுக் குழாய் கிடையாது. உள்சுவரில் ஒட்டியது பெரும்பாலும் தக்கை, ஈரம் வியர்க்காமல் இருக்க. கல்நார் போனது எக்ஸாஸ்ட் குழாய், ஜாயின்ட், கிளாண்ட் பேக்கிங், ஸ்விட்ச் பெட்டிகளில் பொறி தெறிக்காமல் தடுக்கும் தகடு போன்ற இடங்களுக்கு. ஆனால் அந்த இடங்களெல்லாம் கை எட்டும் தூரத்தில்தான். ஆள் தூங்கும் படுக்கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு தடுப்பு, ஒரு கதவு. அவ்வளவே இடம்.

அந்த 73 பேர் ஐந்து நாளில் சுவாசித்ததை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. ரயில் பாதையில் பட்டதற்கு முன்னால் அது எம்மாத்திரம். ஆபத்து அதிகம் கப்பலைக் கட்டினவனுக்கும், பழுது பார்த்தவனுக்கும்தான். அதிலும் பிரித்தவன் பாடு இன்னும் மோசம். இங்கிலாந்தில் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் ஹாரிஸ் என்ற கடற்படை மருத்துவர் 1960களில் தூசியை அளந்து பார்த்தார். புதிதாகச் சுற்றும்போது பறப்பதைவிடப் பழையதைப் பிய்க்கும்போது பறப்பது பலமடங்கு என்று தெரிந்தது. அண்ணாச்சியும் நானும் ஹேக்ஸா பிளேடோடு நின்றோமே, அந்த வேலை.

பத்து வருடம் ஆகாதவர்கள்

அண்ணாச்சிக்கு 68 வயதில் நெஞ்சில் நீர் கோத்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நீரை எடுக்க எடுக்க ஊறியது. பிறகு வேறு இடத்தில் சதை எடுத்துப் பார்த்து மீசோதீலியோமா என்றார்கள். நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்று. கல்நார் தூசி உள்ளே போய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வருவது. அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்: “சார், நீங்க எங்கெல்லாம் வேலை பார்த்தீங்க?” அதுவரை பார்த்த எல்லோரும் பீடியா சிகரெட்டா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். ஏழு மாதத்தில் போய்விட்டார்.

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒரு எண்ணம் இருந்தது: பாவம், போர்க்காலம், அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் ஒரு சாயங்காலத்தில் உடைந்தது. பம்பானிட்டோ கட்டப்பட்ட அதே 1943இல், அமெரிக்கக் கடற்படையும் கடல் வாணிப ஆணையமும் சேர்ந்து கப்பல் கட்டும் தளங்களுக்குப் பாதுகாப்பு விதிகள் வெளியிட்டிருக்கின்றன. அதில் கல்நார் தூசி பெயர் சொல்லி இருக்கிறது. வேலையைத் தனியாகப் பிரித்து வை, தூசியை உறிஞ்சி வெளியேற்று, முகமூடி கொடு, ஆட்களை அவ்வப்போது பரிசோதி. எல்லாம் இருக்கிறது. போர்ட்ஸ்மவுத் தளத்தில் அப்போது இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள். 1944 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் நான்கு நீர்மூழ்கிகளைத் தண்ணீரில் இறக்கினார்கள். அந்த வேகத்தில் விதிப் புத்தகத்தை யார் புரட்டியிருப்பார்கள் என்பதை இன்ஜின் ரூமில் ஒருநாள் நின்றவன் யாரும் சொல்லிவிடுவான்.

அதைவிட என்னை உலுக்கியது 1946இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கடற்படைக் கப்பல்களில் குழாய்க்கு உறை சுற்றும் தொழிலாளர்கள் 1,074 பேரைச் சோதித்தார்கள். தூசியால் நுரையீரல் இறுகியவர்கள் மூன்றே பேர். ஆகவே இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து இல்லை என்று முடிவு. ஆய்வில் ஒரு பெயர் ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிலிப் டிரிங்கர். இளம்பிள்ளைவாதத்தில் மூச்சு நின்றுபோன குழந்தைகளுக்காக ‘இரும்பு நுரையீரல்’ இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஏனோதானோ ஆள் இல்லை. ஆனால் அதே கட்டுரைக்குள் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சோதிக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர் அந்தத் தொழிலுக்கு வந்து பத்து வருடம் ஆகாதவர்கள். நோய் கண்ட மூன்று பேரும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள்.

இந்த வரியில் வந்து நின்றவன் நகரவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. ஒரு புது பேரிங்கைப் போட்டு, பத்து மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது தேயாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த ஜூனியரை நான் அன்றைக்கே கரைக்கு அனுப்பியிருப்பேன். இருபது வருடம் கழித்து வருகிற நோயை ஐந்து வருட ஆளிடம் தேடிவிட்டு, காணோம் என்றார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. எண் கட்டுரையிலேயே கிடந்தது, படிக்க வேண்டியவர்கள் ‘மூன்றே பேர்’ என்பதோடு மூடிவிட்டார்கள். பம்பானிட்டோவின் குழாய்க்குத் துணி சுற்றியவனும் அன்றைக்குச் சோதித்திருந்தால் திடகாத்திரமாகத்தான் இருந்திருப்பான்.

மறுபடியும் சரியாக எண்ணிப் பார்க்க 1964 ஆனது. இர்விங் செலிகாஃப் என்ற நியூயார்க் மருத்துவர், லாகிங் தொழிலாளர்கள் 632 பேரைப் பின்தொடர்ந்து போனார். 1943க்கு முன்பே தொழிலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும். நுரையீரல், நுரையீரல் உறைப் புற்றில் சாதாரணமாக ஆறு ஏழு பேர் இறந்திருக்க வேண்டும், இறந்தவர்கள் 45 பேர். இதை அவரால் எப்படி எண்ண முடிந்தது? கம்பெனிகளைக் கேட்டு அல்ல. தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இருந்தது. யார் எந்த வருடம் சேர்ந்தான், உயிரோடு இருக்கிறானா, எதில் செத்தான் என்று சங்கத்துக்குத் தெரியும். பெயர்கள் ஒரு நோட்டில் இருந்ததால் சாவுகள் எண்ணிக்கைக்கு வந்தன.

முன்னால் மூலையில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். காஞ்சனபுரியில் நடந்ததும் இதுவேதான்.

பீரோவில் இருக்கும் புத்தகம்

கப்பல்காரன் வீட்டில் நகைக்குப் பக்கத்தில் சி.டி.சி. புத்தகம் இருக்கும். எந்தக் கப்பலில் எந்தத் தேதி ஏறினான், எந்தத் தேதி இறங்கினான் என்று முத்திரையோடு அதில் இருக்கும். அண்ணாச்சி இறந்த பிறகு அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, அதை எடுத்துக்கொண்டு கம்பெனி படியேறினார். கம்பெனி கைமாறி, பெயர் மாறி, பழைய கோப்பு எதுவும் இல்லை என்றார்கள். “புருஷன் கப்பல்ல இருந்தாருன்னு இதுல இருக்கு, சரிம்மா. கப்பல்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சுன்னு எதுல இருக்கு?” என்று கேட்டிருக்கிறார் ஒரு அதிகாரி. கேள்வி என்னமோ சரிதான். 1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: கல்நார்த் தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை அவன் உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். நாற்பது வருடம் என்ற அந்த எண்ணைப் பார்த்தபோது, யாரோ ஒருவர் நோயின் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. எங்களை மாதிரிக் கடலில் கிடந்தவர்களுக்கு அப்படி ஒரு பதிவேட்டை நான் பார்த்ததில்லை. புதுக் கப்பல்களில் கல்நார் முழுவதும் கூடாது என்று சர்வதேச விதி வந்ததே 2011 ஜனவரியில்தான். நான் அதற்கு முந்தைய வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன்.

எனக்கும் போன மார்ச்சில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் உறையில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பு மாதிரித் திட்டு. புற்று கிடையாது, வருடம் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். மகளிடம் பாதி சொன்னேன். மனைவியிடம் முழுதும் சொல்லிவிட்டேன், எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள்.

இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த பதினேழு கப்பல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எந்த வருடம் கட்டியது, எந்தக் குழாயைப் பிரித்தோம், எந்த டிரை டாக்கில், கூட யார் யார். எழுத எழுத ஞாபகம் வருகிறது. முதல் கப்பல் பக்கம் மட்டும் நான்கு தாளுக்கு ஓடிவிட்டது. சீஃப் இன்ஜினியர் பெயர், சாரங் பெயர், அண்ணாச்சி, டாங்கிமேன் என்று எல்லாம் வந்துவிட்டது. டீ குடிப்பதற்கு முன்னால் தூசியைக் கூட்டினானே, அந்த வைப்பர் பையன், அவன் முகம் அப்படியே நிற்கிறது, இடது புருவத்தில் தழும்பு, பெயர் வரமாட்டேன் என்கிறது. பழைய ஆட்கள் இருவரைப் பிடித்துக் கேட்டேன். ஒருவர் அவன் பெயர் இப்ராஹிம், கீழக்கரைப் பையன் என்கிறார். இன்னொருவர் இல்லவே இல்லை, அவன் ரத்னகிரிப் பக்கம், கப்பலில் எல்லோரும் சோட்டு என்றுதான் கூப்பிட்டோம் என்கிறார். இரண்டையும் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.